பிசிறு

பாண்டித்துரை பேக்கரிக்குள் நுழைந்தபோது சித்ராதேவி முட்டை பப்ஸில் பாதியைத் தின்று முடித்திருந்தாள். மாப்பிள்ளை வரட்டும் என்று காத்திருக்கும் பெண்ணின் அடையாளம் எதுவும் அவளிடம் இல்லை. சுவரோர மேஜையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, தட்டில் உதிர்ந்த துகளை விரல் நுனியால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழவில்லை. முந்தானையைச் சரிசெய்யவும் இல்லை. எதிர் நாற்காலியைக் கண்ணால் காட்டினாள்.

“போட்டோவுல பார்த்ததுக்கு இளைச்சிருக்கீங்க. உக்காருங்க. காலையில ஒண்ணும் சாப்பிடல, அதான் ஆரம்பிச்சுட்டேன்.”

“சாப்பிடுங்க” என்றான்.

கல்லாவில் இருந்த திருமூர்த்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாண்டித்துரை அவருடைய பல வருட வாடிக்கை. கம்பெனி விட்டு வரும் வழியில் வண்டியை அணைக்காமலே இறங்கி, நின்றபடி டீ குடித்துவிட்டுப் போகிறவன். அவன் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு பெண்ணுக்கு எதிரே.

“ஏனுங்க தம்பி, டீங்களா? இல்ல, விசேஷமா ஹார்லிக்ஸ் ஏதாச்சும் போடச் சொல்லட்டுங்களா?”

“டீயே போதுங்கண்ணா.”

“எனக்கும் ஒண்ணுங்க. சக்கரை தூக்கலா” என்றாள் சித்ராதேவி. பிறகு இவன் பக்கம் திரும்பி, “சுகர் இன்னும் வரல. வர்றதுக்குள்ள குடிச்சுக்கிறது” என்றாள்.

இப்படி நடந்திருக்க வேண்டிய சந்திப்பு அல்ல இது. அவன் அம்மா சீனியம்மாளும் பக்கத்து வீட்டு விஜயகுமாரியும் போட்ட திட்டம் வேறு. ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து சித்ராதேவியின் தம்பி வீட்டுக்கு ஆறேழு பேராகப் போவது. பூ, பழத்தட்டு, கேசரி, பஜ்ஜி. இரண்டாம் கல்யாணம் என்றாலும் முறை முறைதான் என்று சீனியம்மாள் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை அவனுக்கு ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. “நான்தான் சித்ராதேவி. தம்பி வீட்டுக்கு வர வேண்டாங்க. அங்க அக்கம்பக்கம் எல்லாம் வந்து ஒரு பஸ் ஆள் நிக்கும். நீங்க கேசரியத் தின்னுட்டுப் போயிருவீங்க, நான் டம்ளர் கழுவிட்டு இருப்பேன். எதையும் பேச முடியாது. உங்க ஏரியாவுலயே ஏதாச்சும் பேக்கரி சொல்லுங்க, நான் வந்துர்றேன்.” அவன் “சரி” என்றான்.

இந்த இரண்டு வருடமாக அவனுக்கு எளிதாக வரும் சொல் அதுதான். அம்மா பெண் பார்க்கட்டுமா என்றபோதும் சரி. விஜயகுமாரி போட்டோ கேட்டபோதும் சரி. அவன் மனைவி ராமுத்தாய் டெங்குவில் போனாள். ஒரு திங்கள்கிழமை காய்ச்சல் என்று கம்பெனிக்கு லீவு சொன்னாள். அடுத்த திங்கள்கிழமை அவள் இல்லை. காலை மடித்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தால் மரத்துப்போகுமே, அப்படி ஏதோ ஒன்று அவனுக்குள் மரத்துப்போனது. நடக்க முடிந்தது. தரைதான் தெரியவில்லை.

கம்பெனியில் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். பக்குவம் என்றார்கள். பாண்டித்துரை மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் தைக்கிற கம்பெனிக்கும் நடுவில் இருந்து இரண்டு பக்கத்து ஏச்சையும் வாங்குகிற வேலை. முன்பெல்லாம் சாயப்பட்டறையில் நிறத்தின் ஷேடு தப்பிப் போனால் போனில் அவன் கத்துவது மூன்றாவது மாடி வரை கேட்கும். இப்போது பையர் எவ்வளவு சூடாக எழுதினாலும் இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனான். முதலாளி மற்றவர்களை நிறுத்திவைத்து, “பாண்டித்துரையப் பாருங்க. இந்த வயசுல என்ன ஒரு நிதானம்” என்றார். திரும்பத் திரும்பக் கேட்டு அவனும் அதை நம்பத் தொடங்கியிருந்தான். வயது ஏறுவது என்றால் இதுதான் போல. ஒவ்வொன்றாக எல்லாம் தள்ளிப் போய் நிற்கும்; எதுவும் கிட்டே வந்து தொடாது. மோசமில்லை என்றுகூட நினைத்தான்.

அன்று காலை பீரோவைத் திறந்தபோது அம்மா தேய்த்து மாட்டிவைத்த வெள்ளைச் சட்டை முன்னால் தொங்கியது. கை அதைத் தாண்டிப் போய் மடித்துவைத்திருந்த சாம்பல் நிற டி-ஷர்ட்டை எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். தனியாக யோசித்து எடுத்ததில்லை.

“வெள்ளச் சட்டைய எதுக்குடா தேச்சு வச்சேன்? பழைய பனியனப் போட்டுக்கிட்டு பொண்ணு பாக்கக் கெளம்பிட்டான். பாக்குறவய்ங்க என்ன சொல்லுவாய்ங்க?” என்றாள் சீனியம்மாள்.

“பேக்கரிக்குத்தானம்மா போறேன்.”

“அதுதான் எனக்குப் புரியல. பேக்கரியில வச்சு என்ன பொண்ணு பாக்குறது, பன்னா வாங்கப் போற?”

டீ வந்தது. சித்ராதேவி டம்ளரைக் கையில் எடுக்கவில்லை. கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். பையின் ஜிப்பில் ஒரு டிரிம்மர் தொங்கியது. கைக்கு அடக்கமான, ஸ்பிரிங் வைத்த சின்னக் கத்தரி. தைத்து வந்த துணியில் தொங்கும் பிசிறு நூலை வெட்டுவதற்கென்றே இருப்பது. பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்களின் பையில் சாவியோடு சாவியாக அதுவும் கிடக்கும்.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேங்க. விஜயகுமாரியக்கா எனக்கு என்ன வயசுன்னு சொல்லியிருக்காங்க?”

“முப்பத்தி நாலு.”

“முப்பத்தொம்பது. ஆடி வந்தா நாப்பது.”

கல்லாவில் சில்லறை அடுக்கும் சத்தம் நின்றது.

“உங்களுக்கு முப்பத்தஞ்சுன்னாங்க. அதாச்சும் நெசமுங்களா?”

“நெசம்தான்.”

“அப்ப நான் பெரியவ. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா இந்த டீயோட முடிஞ்சுரும். கேசரியத் தின்னதுக்கு அப்புறம் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் அசிங்கம். அதுக்குத்தான் இங்க வரச் சொன்னேன்.” இப்போது டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். “எந்திரிச்சுப் போறதுன்னா போங்க. தப்பா நெனைக்க மாட்டேன். பப்ஸ் நல்லா இருக்கு, நான் இன்னொண்ணு சாப்பிட்டுட்டுப் போவேன்.”

அவன் எழவில்லை. எழ வேண்டும் என்று தோன்றவில்லை என்பதைக் கொஞ்சம் ஆச்சரியமாகக் கவனித்தான்.

“எனக்கே எம்பது வயசு ஆன மாதிரிதான் இருக்கு” என்றான்.

“அது வயசில்லீங்க. அலுப்பு.”

அவள் சொன்ன விதத்தில் பரிதாபம் இல்லை. துணியில் கறையைப் பார்த்துவிட்டு இது ஆயில், இது டீ என்று பிரித்துச் சொல்வது போலச் சொன்னாள். சித்ராதேவி பெரிய கம்பெனி ஒன்றில் செக்கிங் இன்சார்ஜ். தைத்து முடித்த பீஸ் ஒவ்வொன்றும் பெட்டிக்குப் போவதற்கு முன் அவளுடைய மேஜைகளைத் தாண்ட வேண்டும். ஆண்டிபட்டிப் பக்கத்துக் குடும்பம். சின்ன வயதிலேயே திருப்பூருக்கு வந்துவிட்டதால் பேச்சில் தெற்கும் கொங்கும் கலந்து கிடந்தன. ஒரு கல்யாணம் ஆகி முறிந்து, பிறகு தம்பியைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்துவைத்து, தனியாக ஒரு வீடு எடுத்து இருக்கிறாள் என்று விஜயகுமாரி சொல்லியிருந்தாள். அதையும் முறையாகச் சரிபார்த்துவிடுவது நல்லது என்று இப்போது தோன்றியது.

“இருபத்திரெண்டுல என்னைய பொண்ணு பாக்க வந்தப்ப நான் மாப்பிள்ளையோட காலத்தான் பார்த்தேன். தலையத் தூக்க விடலயே. புதுச் செருப்பு, வெலை ஒட்டுனது கூடப் பிய்க்கல. அத வச்சே சரின்னு சொன்னேன். எல்லாரும் கேசரி நல்லா இருக்குன்னாங்க, கல்யாணம் முடிஞ்சு போச்சு.” வாயைத் துடைத்துக்கொண்டாள். “அடிச்சான். ஒரு நாள் திருப்பி அடிச்சேன். மறுநாள் பஸ் ஏறிட்டேன். அப்ப ஊரே என்னைய ஒரு மாதிரி பார்த்துச்சு. எனக்கும் பயந்தான். இன்னைக்கு யோசிச்சா, ஒரே ஒரு கேள்வி அன்னைக்குக் கேட்டிருந்தா போதும். கேக்கறதுக்குத் தெரியல.”

“என்ன கேள்வி?”

“உங்களுக்குக் கோவம் வந்தா என்ன செய்வீங்கன்னு.”

சொல்லிவிட்டு அவள் பார்வையை எடுக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பழைய கதை அல்ல, தனக்கான கேள்வி என்று அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

“கோவம் வர்றதில்ல” என்றான்.

“எப்பவுமா?”

“இப்ப ரெண்டு வருஷமா.”

“அது பதில் இல்லீங்களே.” சாய்ந்து உட்கார்ந்தாள். “சரி, விடுங்க. எதுக்கு உங்களுக்கு இன்னொரு கல்யாணம்?”

“அம்மாவுக்கு முட்டி வலி. மாடிப்படி ஏற முடியல. பொண்ணுக்கு ஏழு வயசு.”

“அது வீட்டு வேலைக்கு ஆள் வைக்கிறதுக்குக் காரணம். கல்யாணத்துக்கு இல்ல.”

வாசலில் டீ வாங்க நின்ற இரண்டு வடக்கத்திப் பையன்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று அவனுக்கு ஒரு கணம் பட்டது. அவர்கள் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாண்டித்துரை டம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்தான். அவளுக்குச் சொல்ல அவனிடம் வேறு காரணம் இல்லை. பொய்யும் தயாராக இல்லை.

“ஹால்ல அவ போட்டோ இருக்கு. எடுக்க மாட்டேன்” என்றான். கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

“இருக்கட்டும். ஊதுபத்தி நீங்க கொளுத்துங்க. என்னையக் கொளுத்தச் சொல்லக்கூடாது.”

“சரி.”

“வேலைய விட மாட்டேன். சம்பளம் என் அக்கவுண்ட்லதான் இருக்கும். உங்க பொண்ணு என்னைய எப்படி வேணா கூப்பிடட்டும், அம்மான்னு கூப்பிடுன்னு யாரும் அது தலையில தட்டக்கூடாது.”

“சரி.”

“எதைச் சொன்னாலும் சரிங்கறீங்க. எனக்குக் கொஞ்சம் பயமா இருக்குங்க.”

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. வீட்டு நம்பர். அவன் மகள் சுபஸ்ரீ. மேஜையில் முழங்கையை ஊன்றி, போனைக் காதில் வைத்தான். அவளுடைய குரல் போனுக்கு வெளியிலும் கேட்கும்.

“அப்பா, அந்த அத்தை நல்லா இருக்காங்களா?”

“ம்.”

“அழகா இருக்காங்களா, குண்டா இருக்காங்களா?”

சித்ராதேவி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அவன் கை உயர்ந்திருந்ததில் டி-ஷர்ட்டின் கைவிளிம்பு அவள் முகத்துக்கு நேராக வந்திருந்தது. அக்குளிலிருந்து வருகிற தையல் முடியும் இடத்தில் ஒரு பிசிறு தொங்கியது. ஓவர்லாக் மெஷின் துணியைத் தாண்டி ஓடும்போது விடுகிற நூல். விரல் நீளத்துக்கு, பின்னிய சின்னச் சடை போல. சிரித்துக்கொண்டேதான் அவள் கை பையின் பக்கம் போனது. கண்கூட அங்கே போகவில்லை; டிரிம்மர் கைக்கு வந்திருந்தது. ‘ணக்’ என்று ஒரு சத்தம். அந்த நூல் சடை மேஜையில் விழுந்தது.

“அப்பா? அப்பா, லைன்ல இருக்கியா?”

அவன் போனை வைத்தான்.

ராமுத்தாய் சாம்பிள் டெய்லராக இருந்தவள். பையருக்கு முதலில் காட்டுகிற ஒற்றைப் பீஸைத் தைக்கிற ஆள். ஒரு கம்பெனியில் நூறு டெய்லர் இருந்தாலும் சாம்பிள் டெய்லர் இரண்டு பேர்தான் இருப்பார்கள். அவர்களிடம் முதலாளியே மெதுவாகப் பேசுவார். பிசிறு வெட்டுவது தன் வேலை இல்லை என்பது அவளுடைய கட்சி. தைப்பது டெய்லர், வெட்டுவதற்கு வேறு ஆள். வீட்டிலும் அதே சட்டம்தான். மகளுக்குக் கவுன் தைத்தால் அப்படியே தூக்கி மாமியாரிடம் கொடுத்துவிடுவாள். இந்த டி-ஷர்ட்டைக் கம்பெனி மெஷினில் மிச்சத் துணியில் தைத்துக் கொண்டுவந்துவிட்டு, பிசிறைச் சுட்டிக் காட்டிய அவனிடம், “வேணும்னா வெட்டிக்க. மெர்ச்சண்டைசர் வெட்டுனா கத்தரி வெட்டாதா?” என்றாள். நீயே வெட்டு என்றான் அவன். மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகப் போய்விட்டது. துவைத்துக் காயப்போடும்போதெல்லாம் அந்தப் பிசிறை மட்டும் அவன் பக்கம் ஆட்டிக் காட்டுவாள். யார் தோற்பது என்று முடிவாவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

“யாரு உங்கள வெட்டச் சொன்னது?”

குரல் பேக்கரி முழுதும் கேட்டது. வடக்கத்திப் பையன்கள் திரும்பினார்கள். திருமூர்த்தி கல்லாவிலிருந்து எழுந்தார். பாண்டித்துரைக்குக் காதுமடல் சுட்டது. “கேக்கணும்ல? ஒருத்தர் மேல இருக்குறதத் தொடுறதுக்கு முன்னாடி கேக்கணும்ல? உங்க டேபிள்ல வந்த பீஸா நான்?”

அவள் பின்வாங்கவில்லை. பதறவும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேஜைக்குக் கீழே போயிருந்த அவனுடைய கைகளின் பக்கம் பார்த்தாள். இரண்டு கையும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் மடியில் கிடந்தன.

“கோவம் வருது” என்றாள் மெதுவாக. “சத்தம் போடறீங்க. கைய எடுத்து கீழ வச்சுக்கறீங்க.”

அவன் குனிந்து தன் கைகளைப் பார்த்தான்.

“தப்பு என் பேர்லதானுங்க. கேட்டிருக்கணும். இருபது வருஷமா நூலப் பார்த்தாக் கை தன்னால போயிருது. கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை சட்டையிலயே வெட்டியிருக்கேன்.” சடையை மேஜையிலிருந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்து அவன் முன்னால் நீட்டினாள். “அவங்க தெச்சதா?”

தலையாட்டினான். பிறகு சொன்னான். சாம்பிள் டெய்லர் என்றான். வெட்ட மாட்டாள் என்றான். முழுதாகச் சொல்லி முடிக்க நான்கைந்து வாக்கியம்கூட ஆகவில்லை. இத்தனை சின்ன விஷயம் என்று அவனுக்கே வியப்பாக இருந்தது. யாரிடமும் அவன் இதைச் சொன்னதில்லை.

“சாம்பிள் டெய்லருங்களா! அதான பார்த்தேன்.” சித்ராதேவி டம்ளரை நகர்த்திவைத்தாள். “எங்க கம்பெனியிலயும் ஒருத்தி இருக்கா. மகாராணி. ஊசி ஒடிஞ்சாக்கூட நாமதான் கொண்டுபோய்க் குடுக்கணும்.”

“இவளும் அப்படித்தான்” என்றான். அவன் வாயோரம் அசைந்தது. கண்ணில் எரிச்சலாக இருந்தது.

திருமூர்த்தி பக்கத்தில் வந்து நின்றார். “தம்பி, ஒண்ணும் பிரச்சனை இல்லீங்களே?”

“இல்லீங்கண்ணா.”

“இல்ல, அம்மிணிகிட்டச் சத்தம் போட்டீங்களே, அதானுங்க…”

“போடட்டுங்க” என்றாள் சித்ராதேவி. “போடுவாரா மாட்டாரான்னுதான் கேட்டுட்டு இருந்தேன். நீங்க இன்னொரு பப்ஸ் குடுங்க.”

அவர் குழம்பிப் போய்த் திரும்பினார். அவள் முன்னால் குனிந்து, தொடாமல், கைவிளிம்பைப் பார்த்தாள். முகம் மாறியது. அவள் என்ன பார்த்தாள் என்பது பாண்டித்துரைக்கும் தெரியும். மெர்ச்சண்டைசர் ஆனாலும் அவனும் இதே ஊர்த் துணியில் வளர்ந்தவன்தான்.

“ஒட்ட வெட்டிட்டேன்” என்றாள். “கம்பெனி பீஸ் மாதிரி ஓரத்துல கெட்டித் தையல் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். போடல. அந்தச் சடைதான் தையல நிறுத்திட்டு இருந்திருக்கு. இப்ப இது ஓடும்.”

“தெரியும்.”

“ரெண்டு தண்ணி பார்த்தா அக்குள் வரைக்கும் வாய் பொளந்துரும்.”

“தெரியுதுங்க.”

“மெஷின்ல வச்சு மேல ஒரு தையல் ஓட்டலாம். அது வேற நூலு. நல்லா இருக்காது, நீங்களும் ஒத்துக்க மாட்டீங்க.” யோசித்தாள். “இல்லாட்டி, ஓரத்துல ரெண்டு தையலப் பிரிக்கணும். பிரிச்சா முடிச்சுப் போடற அளவுக்கு அந்த நூலே கெடைக்கும். அவங்க போட்டதுல ரெண்டு தையல் போயிரும். மிச்சம் அப்படியே நிக்கும்.” நிமிர்ந்தாள். “நீங்க சொன்னாத்தான் செய்வேன். வேண்டாம்னா வேண்டாம்.”

பாண்டித்துரை கையைத் திருப்பி அந்த ஓரத்தைப் பார்த்தான். சாம்பல் துணியில் சாம்பல் நூல். ஒன்றன் மேல் ஒன்று ஏறி, நெருக்கமாக, கொஞ்சமும் பிசகாமல் அக்குளை நோக்கிப் போனது. ராமுத்தாய் அவசரப்பட்டுத் தைத்து அவன் பார்த்ததில்லை. வலது காலை மிதியில் வைத்து, இடது காலை மடித்துக்கொண்டு, ஏதோ முனகியபடி தைப்பாள். வீட்டு மெஷினில் அந்தச் சத்தம் நின்று இரண்டு வருடம் ஆகிறது. டி-ஷர்ட்டைக் கழற்றி ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்துவிடலாம். துவைக்காமல், போடாமல், ஓடாமல் அப்படியே இருக்கும். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவனும் தன்னை அப்படித்தான் எடுத்து வைத்திருந்தான் என்று திடீரென்று பட்டது. பக்குவம் என்று எழுதி ஒட்டி.

மரத்த காலை நீட்டினால் முதலில் வருவது சுகம் இல்லை. எறும்பு ஊர்வது போல ஆரம்பித்து, பிறகு முள் முள்ளாகக் குத்தும். கீழே வைக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. அவன் மூச்சை இழுத்து விட்டான்.

“பிரிங்க” என்றான்.

சித்ராதேவி பையைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். “வெள்ளெழுத்து. ஒரு வருஷம் யாருக்கும் தெரியாம மறைச்சேன். பொம்பளப் புள்ளைங்க கேலி பேசுவாளுகன்னு. அப்புறம் எதுக்குன்னு தோணுச்சு. கண்ணாடி போட்ட அன்னைக்கே நாலு பீஸ்ல ஓட்டையப் பிடிச்சேன். இப்பப் பின்னாடி பாட்டின்னு சொல்றாளுக. முன்னாடி வந்து, ‘மேடம், இதுல டேமேஜ் இருக்கான்னு பாருங்க’ன்னு நிக்கறாளுக.”

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். அவன் கையை மேஜையில் நீட்டி வைக்கச் சொன்னாள். துணியின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்தாள். ஊக்கின் முனை தையலுக்குள் போனது. முதல் தையல் விட்டுக்கொடுத்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டாவது கொஞ்சம் அடம் பிடித்தது. “அழுத்தமா போட்டிருக்காங்க” என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதில் பொறாமை இல்லை. நல்ல வேலையைப் பார்த்த ஒருத்தியின் குரல். பிரிந்து வந்த நூல்களைச் சேர்த்து, நகத்தால் தையலோடு அழுத்தி, ஒரு முடிச்சு. அதன் மேல் இன்னொன்று. இழுத்துப் பார்த்தாள். நின்றது.

முடிச்சுக்குப் பிறகு நூல் முனை கொஞ்சம் மிஞ்சி நின்றது. முன்பு தொங்கிய சடையில் பாதிகூட இருக்காது. அவள் கை பழக்கத்தில் டிரிம்மரை எடுத்துவிட்டது. எடுத்த கையோடு கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். அவள் டிரிம்மரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

கிளம்பும்போது ஸ்கூட்டியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். “என் வயச உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. விஜயகுமாரியக்கா சொன்னா இன்னும் ரெண்டு குறையும். சொல்லிட்டு, அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு ஒரு போன் பண்ணுங்க. திட்டுனாலும் அப்படியே சொல்லுங்க.”

“சொல்றேன்” என்றான். சரி என்று சொல்லவில்லை என்பதை அவள் வண்டி திரும்பிய பிறகுதான் கவனித்தான்.

மகளுக்கு வழக்கம்போல ஒரு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமைத் தெரு. கறிக்கடை வாசலில் கூட்டம். மொட்டைமாடிகளில் துவைத்த துணி. சிக்னலைத் தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் காற்றில் நூல் முனை கையில் தட்டத் தொடங்கியது. லேசாக அரித்தது. அவன் சொறியவில்லை.

வீட்டு வாசலில் சீனியம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்துக் காம்பவுண்டுக்கு அந்தப்புறம் விஜயகுமாரியின் தலை தெரிந்தது.

“ஏனுங் கண்ணு, புடிச்சுதா?” என்றாள் விஜயகுமாரி.

“என்னடா சொன்னா? லட்சணமா இருக்காளா? வாயத் தெற” என்றாள் அம்மா. அதற்குள் அவள் பார்வை அவன் கையில் போய் நின்றது. சீனியம்மாளும் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டித்தான் அவனைப் படிக்கவைத்தாள். “இது என்னடா, நூலு தொங்குது? இதோடயா போய் அவ முன்னாடி உக்காந்த?” என்று, பிய்த்தெறிவதற்காக இரண்டு விரலால் அந்த முனையைப் பிடித்தாள்.

“அம்மா” என்றான் பாண்டித்துரை. “அவங்களுக்கு முப்பத்தொம்பது வயசு. என்னைய விடப் பெரியவங்க. எனக்குப் புடிச்சிருக்கு.”

காம்பவுண்டுக்கு மேலே தெரிந்த தலை கீழே போனது. உள்ளேயிருந்து சுபஸ்ரீ தேங்காய் பன் எங்கே என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். சீனியம்மாள் மகனையே பார்த்தாள். நூல் அவள் விரல்களுக்கு நடுவில் இருந்தது. இழுக்கவும் இல்லை. விடவும் இல்லை.